எட்டு லைட்டும் எரிந்தது, லைன் மட்டும் போனது

அந்தத் தெருவில் அவருடைய பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. ‘பச்சை லைட்டு’ என்று கேட்டால் தெருநாய்கூட முன்னால் நடந்துபோய்க் கடையைக் காட்டிக்கொடுக்கும். கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மாடிப்படிக்கு அடியில் ஒரு முக்கோண அறை. உள்ளே தலை இடிக்காமல் நிற்க ஒரே ஓர் இடம்தான் உண்டு. அங்கே அவர் நாற்காலியைப் போட்டுவிட்டதால் யாரும் நிற்பதில்லை.

வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு நெட் வயர் இழுப்பது அவர் தொழில். சுவரோரமாக இழுத்து, இரண்டு முனையிலும் கண்ணாடி போன்ற குட்டிப் பிளாஸ்டிக் தலையைக் கோத்து, நசுக்கி, மாட்டிக் கொடுப்பார். முடிந்ததும் சட்டைப்பையிலிருந்து சோப்புக்கட்டி அளவு டெஸ்டர் வெளியே வரும். வயருக்குள் எட்டுக் கம்பி, டெஸ்டரில் எட்டு லைட்டு. ஒவ்வொன்றாகப் பச்சையாக எரியும். அதை வீட்டுக்காரரின் மூக்குக்கு நேரே பிடித்து, “எண்ணிக்கங்க” என்பார். எட்டு எண்ணி முடித்த பிறகு அந்த வீட்டில் என்ன குறை சொன்னாலும் அவர் காதில் ஏறாது. “கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்கும்.” “கம்பெனிக்காரன் லைன் சரியில்ல.” இரண்டும் எடுபடவில்லை என்றால், “உங்க நேரம் சரியில்ல.”

படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நின்றது. கொஞ்ச நாள் ஓர் எலக்ட்ரீஷியனோடு சுற்றினார். அந்த ஆள் சொன்னது ஒன்றே ஒன்று: “கலர் எதுவா இருந்தா என்ன? இந்தப் பக்கம் எப்படியோ அந்தப் பக்கமும் அப்படி. அவ்வளவுதான் வேலை.” அதைப் பிடித்துக்கொண்டு தனிக்கடை போட்டார். நசுக்குகிற கருவியோடு ஒரு விளக்கத்தாள் வந்தது. அதை நாலாக மடித்து, ஆடுகிற மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்தார். மேசை இன்றுவரை ஆடவில்லை.

கம்பிகளை அவர் வரிசைப்படுத்துவதை நின்று பார்க்கலாம், அவ்வளவு சுத்தம். வயரை உரித்தால் உள்ளே நாலு ஜோடி இருக்கும். ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. ஒவ்வொன்றும் அதே நிறத்தில் வெள்ளைக்கோடு போட்ட துணையோடு பின்னல்போல முறுக்கிக்கொண்டு வரும். பச்சை லைட்டு முறுக்கைப் பிரித்து, ஜோடி ஜோடியாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைப்பார். “சேர்ந்து வந்ததைச் சேர்த்தே உட்கார வைக்கணும். நடுவுல ஆள் விடக் கூடாது” என்று யாரும் கேட்காமலே விளக்கமும் சொல்வார். பதினோரு வருடமாக இதே வரிசைதான்.

கடைக்கு எதிரே நாலு மாடிக் கட்டடம் ஒன்று. கீழே மீட்டர் அறையில் நெட் பெட்டி. அங்கிருந்து பதினாலு வீட்டுக்கும் வயர் போகிறது. பதினாலும் பச்சை லைட்டு இழுத்ததுதான். தெருமுனையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர் போன வருடம் வேகமான புதுப் பெட்டி மாட்டினார். அப்புறம் மேல் மாடிகளில் சில நேரம் படம் பார்க்கும்போது நடுவில் வட்டம் சுற்றும். சனங்கள் அந்த இடைவேளையில் பாத்ரூம் போய்விட்டு வந்தார்கள். யாரும் அதைப் பெரிய புகாராக்கவில்லை.

முதல் பெரிய புகார் மூன்றாம் மாடியிலிருந்து வந்தது. அங்கே இருக்கும் பெண்ணைக் கட்டடத்துப் பிள்ளைகள் ‘ஹெட்செட் அக்கா’ என்பார்கள். பல கிளினிக்குகளுக்குச் சேர்த்துப் போன் எடுக்கிற ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை. நோயாளி அழைத்தால் டாக்டரைப் பார்க்க நேரம் குறித்துக் கொடுக்க வேண்டும். அதை வீட்டிலிருந்தே செய்யலாம், ஆனால் வைஃபை கூடாது, வயர்தான் என்பது கம்பெனிச் சட்டம். முப்பது நாள் சோதனைக் காலம். அதற்குள் ஐந்து தடவை லைன் அறுந்தால் வேலை போய்விடும்.

ஏழு மாதம் சும்மா இருந்த பிறகு கிடைத்த வேலை அது. வெளியே போய் வேலை பார்க்க அவளால் ஆகாது என்பதில்லை. அப்பாவைத் தனியே விட முடியாது. அப்பா ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். பார்வை முக்கால்வாசி போய்விட்டது. வாய் முழுசாக இருக்கிறது. தனியே விட்டால் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு, பற்ற வைத்ததை மறந்துவிடுவார்.

பதினோராம் நாள் பச்சை லைட்டு மேலே போனபோது அக்காவின் முகம் வெளிறிக் கிடந்தது.

“அண்ணே, மூணு தடவை போச்சு. இன்னிக்கு ஒரு அம்மா நெஞ்சுவலின்னு அழுதுக்கிட்டே பேசறாங்க, நடுவுல கட். நான் என்ன பண்றது?”

“எவ்வளவு நேரம் போவுது?”

“அரை நிமிஷம். அப்புறம் தானா வந்துடுது.”

தானாக வருகிற கோளாறைவிடக் கெட்டது உலகத்தில் இல்லை. செத்த லைனைக் கண்டுபிடித்துவிடலாம். செத்துச் செத்துப் பிழைக்கிற லைன், ஆள் வந்து நின்றால் ஒழுங்குப் பிள்ளையாக உட்கார்ந்திருக்கும். பச்சை லைட்டு கம்ப்யூட்டர் பக்கத்துத் தலையை வெட்டிப் புதுத் தலை போட்டார். கீழே போய்ப் பெட்டியில் வேறு ஓட்டையில் மாட்டினார். நெட் கார்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் தூங்கிவிடுகிற ஓர் அமைப்பு கம்ப்யூட்டரில் உண்டு, அதையும் எடுத்துவிட்டார். கடைசியில் டெஸ்டர்.

“எண்ணிக்கங்க.”

“எட்டு எரியுது, சரி” என்றார் டிரைவர், பார்க்காமலே. “என் பஸ்ஸுலயும் முன்னாடி ரெண்டு லைட்டும் எரியும். பிரேக் பிடிக்காது. லைட்டைக் காட்டிப் பாசஞ்சரை ஏத்தலாமா தம்பி?”

“ஐயா, இது வேற தொழில்.”

“எல்லாத் தொழிலும் வேற தொழில்தான். அந்தக் காலண்டரைப் பாரு.”

சுவர்க் காலண்டரில் கையகல எழுத்தில் பென்சிலால் கிறுக்கியிருந்தார். ஒரு நிமிடம் தாமதமானால் விளக்கம் கேட்கும் வேலையில் முப்பது வருடம் இருந்தவர், மகள் ‘ஹலோ ஹலோ’ என்று கத்தும்போதெல்லாம் பேசும் கடிகாரத்தை அமுக்கி, நேரத்தைக் குறித்து வைத்திருக்கிறார். மூன்று நாள், மூன்று நேரம்: பத்து நாற்பது. பத்து நாற்பத்திரண்டு. பத்து நாற்பத்தைந்து.

பச்சை லைட்டுக்கு மூளையில் ஒரு லைட்டு எரிந்தது. பத்தே முக்கால் வாக்கில்தான் வாட்ச்மேன் தண்ணீர் மோட்டார் போடுவார். மோட்டாருக்குப் போகிற கரண்ட் குழாயும் நெட் வயரும் ஒரே சுவரில் ஒட்டிக்கொண்டுதான் ஏறுகின்றன.

“மோட்டார்தான் ஐயா! அது கிளம்பற அதிர்ச்சியில நம்ம லைன் கலங்குது.”

“அப்ப உன் மேல தப்பில்ல.”

“என் மேல எப்படி இருக்கும்?”

கீழே போய் வாட்ச்மேனிடம் பேசினார். காலை எட்டுக்கே மோட்டார் போடுவதாக ஏற்பாடு. இரண்டு நாள் லைன் அசையவில்லை. பச்சை லைட்டு தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். தன் கடைக்குள் மட்டும் குனிந்தார்.

மூன்றாம் நாள் பிற்பகல் இரண்டாம் மாடியில் ஒருவர் குளிக்கப் போனார். தலைக்குச் சோப்பு போட்டதும் தண்ணீர் நின்றது. காலையில் போட்ட மோட்டார்த் தண்ணீர் மதியத்தோடு தீர்ந்துவிட்டது. அவர் துண்டோடு மாடிப்படிக்கு வந்து, கண்ணைத் திறக்க முடியாமல், “யோவ் வாட்ச்மேன், கண்ணு போச்சுய்யா!” என்று போட்ட கூச்சலில் வாட்ச்மேன் ஓடிப்போய் ஸ்விட்சைத் தட்டினார். மோட்டார் உறுமியது. மூன்றாம் மாடியில் லைன் போனது.

நாலு.

மாலையில் கம்பெனியிலிருந்து அக்காவுக்கு மெயில் வந்தது. அவள் அதை வாசித்துக் காட்டினாள். கோளாறு என்ன, யார் சரிசெய்தார்கள் என்று வயர் போட்டவர் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டு, கோளாறான பாகத்தின் போட்டோவோடு திங்கட்கிழமை காலைக்குள் அனுப்ப வேண்டும். கம்பெனியின் டெக்னிக்கல் ஆள் போனில் விசாரிப்பார். அவருக்குத் திருப்தி என்றால் நாலு அறுப்பும் கணக்கில் வராது. இல்லையென்றால் திங்கட்கிழமையோடு சரி.

“மோட்டார்னு எழுதித் தர்றேன்மா. உண்மைதானே.”

“கடைசி வரி பாருங்கண்ணே. கட்டடத்துக் கோளாறா இருந்தா இந்த இடம் வேலைக்கு ஒத்து வராதாம். மோட்டாரைக் கழட்டவா முடியும்?”

வேட்டைக்குப் போன ஆள் வெறுங்கையோடு வந்ததுபோல் பச்சை லைட்டு படியிறங்கினார்.

சனிக்கிழமை அக்காவுக்கு விடுமுறை. காலையிலேயே பச்சை லைட்டு, கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் ஐம்பது மீட்டர் ரெடிமேட் வயர் ஒன்றை இரவல் வாங்கி வந்தார். இரண்டு தலையும் ஃபேக்டரியிலேயே போட்டது. அதைப் பழைய வயரை ஒட்டியே, அதே கரண்ட் குழாய் பக்கமாக, டேப் போட்டுத் தொங்கவிட்டார். அக்கா கம்ப்யூட்டரிலிருந்து அப்பாவுக்குப் போன் போட்டாள். அப்பா அடுத்த அறையில் கட்டிலில் இருந்தார்.

“ஹலோ, டாக்டரைப் பார்க்கணும்” என்றார் டிரைவர்.

“என்ன உடம்புக்கு?”

“பொண்ணு ரொம்பத் திட்டறா.”

“அதுக்கு மருந்து இல்லைங்க. வேற?”

பச்சை லைட்டு ஜன்னல் வழியாக வாட்ச்மேனுக்குக் கையைக் காட்டினார். மோட்டார் ஓடியது. நிறுத்தச் சொன்னார். மறுபடி போடச் சொன்னார். ஒன்பது தடவை. அப்பாவும் மகளும் வியாதிகளின் பட்டியலையே முடித்துவிட்டார்கள். லைன் ஒரு தடவைகூடப் போகவில்லை.

அப்படியென்றால் மோட்டார் நிரபராதி. வயர்தான் ஆள்.

உள்ளே எங்கோ கம்பி விட்டிருக்கும் என்று பழைய வயரின் தலையை வெட்டி, பால்கனி வெளிச்சத்தில் ஃபேக்டரித் தலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஃபேக்டரிக்காரன் பச்சை ஜோடியைப் பிரித்துவிட்டிருந்தான். வெள்ளைப்பச்சை, அப்புறம் நீலம், வெள்ளைநீலம், அதற்கப்புறம்தான் பச்சை. கணவன் ஒரு சீட், மனைவி ஒரு சீட், நடுவில் வேறு குடும்பம். குடித்துவிட்டுக் கோத்திருப்பான் என்று இன்னொரு தலையைப் பார்த்தார். அதுவும் அப்படியே. சிரிப்பு நின்றது. கம்ப்யூட்டர் கடைக்காரருக்குப் போன் போட்டார்.

“மூணாவது கம்பியும் ஆறாவது கம்பியும் ஒரே ஜோடியா இருக்கணும்யா” என்றார் கடைக்காரர். “ஒன்னோட ஒன்னு முறுக்கிக்கிட்டு வந்தாத்தான் வெளித் தொந்தரவு ஒட்டாது. நீ எப்படிக் கோப்ப?”

பச்சை லைட்டு சொன்னார்.

கடைக்காரர் அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். “அப்ப உன் மூணாவதும் ஆறாவதும் முன்பின் தெரியாத ரெண்டு பேர். சின்ன வயரா இருந்தா சமாளிக்கும். நீள வயரு, வேகமான பெட்டி, பக்கத்துல மோட்டார்னா எப்படித் தாங்கும்?”

“டெஸ்டர்ல எட்டும் எரியுதேப்பா!”

“அது இந்தக் கடைசியிலேர்ந்து அந்தக் கடைசிக்குப் போகுதான்னு மட்டும்தான்யா பார்க்கும். யாரு யாரோட போறாங்கன்னு பார்க்காது.”

மதியம் சாப்பிட வீட்டுக்குப் போனார். வெட்டிய பழைய தலையையும், சுருட்டிக் கொண்டுவந்த இரவல் வயரின் தலையையும் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குப் போகவில்லை. அவர் மனைவி தையல் கம்பெனியில் காலர் தைக்கிறவர். நிறத்தை நிறத்தோடு பொருத்துவதே வேலை. இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தார்.

“இது நீங்க போட்டது, அழகா இருக்கு. இது யாரு?”

“அதுதான் சரி.”

“அழகா இருக்கறது தப்பா?”

“பதினோரு வருஷமா. பச்சையைப் பச்சையோட வச்சேன். நடுவுல நீலம் வந்து உட்காரணுமாம். யாருக்குத் தோணும்?”

“ஏன், நாம கல்யாணமான புதுசுல பஸ்ஸுல போறப்ப நமக்கு நடுவுல உங்க அம்மாவும் உங்க தங்கச்சியும் உட்காரல? அதுவும் ஓடுச்சுல்ல?”

அவருக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மிளகாய் என்றார். குழம்பில் மிளகாய் கம்மிதான். மனைவி இன்னும் கொஞ்சம் சோறு போட்டார்.

“எத்தனை வீடு?” என்று மட்டும் கேட்டார்.

“சாப்பிடறேன், விடு.”

பிற்பகலில் பழைய வயரின் இரண்டு முனையையும் ஃபேக்டரி வரிசையில் மறுபடி கோத்தார். பதினோரு வருடப் பழக்கம், விரல் தானாகப் பச்சையைப் பச்சையிடம் கொண்டுபோனது. மூன்று தலை வீணாகி, நாலாவதுதான் சரியாக வந்தது. மோட்டாரைப் போட்டுப் போட்டு நிறுத்தினார்கள். மாடித் தொட்டி நிரம்பி வழிந்தது, லைன் அசையவில்லை.

“இப்ப எழுதிடுங்கண்ணே” என்று அக்கா தாளையும் பேனாவையும் வைத்தாள்.

பச்சை லைட்டு பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்தத் தொழிலில் பெயர்தான் முதல். அதிலும் கைப்பட எழுதி, கையெழுத்துப் போட்டு, ஊர்பேர் தெரியாத கம்பெனிக்கு.

டிரைவருக்குக் கண் தெரியாவிட்டாலும் பேனா ஓடாதது காதில் விழுந்திருக்க வேண்டும். “எலி கடிச்சதுன்னு எழுது தம்பி” என்றார். “எலி வந்து கேஸ் போடாது. வேலை முடிஞ்சுது.”

“அப்பா!”

“நான் ஒரு யோசனை சொன்னேன். எடுத்துக்கறதும் விடறதும் அவன் இஷ்டம்.”

பச்சை லைட்டு உண்மையாகவே யோசித்தார். எலி நல்ல யோசனை. வயரில் ஓரிடத்தில் இடுக்கியால் நாலு கடி கடித்தால் எலிக்கே சந்தேகம் வராது. போட்டோவும் அழகாக வரும். இடுக்கி இடது பாக்கெட்டில்தான் இருந்தது. கைகூட அங்கே போய்விட்டது.

அக்கா அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“எலின்னா அந்த ஆள் கேப்பான்” என்றார் கடைசியில். “எந்த இடத்துல கடிச்சுது, எப்படி ஒட்டினே, மோட்டார் போட்டா மட்டும் எலிக்கு என்னன்னு கேப்பான். நான் உளறுவேன். உளறினா எனக்கு என்ன போகுது? போறது இந்தப் பொண்ணு வேலை.” கையை எடுத்துக்கொண்டார். “நானே கடிச்சதா இருக்கட்டும்.”

எழுதினார். ‘இந்த வீட்டுக்கு வயர் போட்டது நான். கம்பிகளைத் தவறான வரிசையில் கோத்துவிட்டேன். மூன்றாவது, ஆறாவது கம்பிகள் ஒரே ஜோடியாக இல்லாததால் மோட்டார் ஓடும்போது லைன் போனது. இரண்டு முனையையும் சரியான வரிசையில் மாற்றிவிட்டேன். பிழை முழுவதும் என்னுடையது. இந்த வீட்டார் மேல் தவறில்லை.’ பழைய தலையை வெள்ளைத் தாளில் வைத்து அக்கா போட்டோ எடுத்தாள். கடிதத்தை அப்பாவுக்கு ஒரு தடவை வாசித்தாள்.

“எலியைவிட நல்லாத்தான் இருக்கு” என்றார் டிரைவர்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு டெக்னிக்கல் ஆள் பச்சை லைட்டுக்கே நேராகப் போன் போட்டார். குரலைக் கேட்டால் சின்ன வயது. பச்சை லைட்டு கடை நாற்காலியிலிருந்து மரியாதையாக எழுந்து, ஓரடி நகர்ந்து தலையை இடித்துக்கொண்டார்.

“போட்டோ பார்த்தேங்க. ஜோடி மாறினதுதான். நானும் சேர்ந்த புதுசுல ஒரு ஆபீஸ் முழுக்க இப்படித்தான் கோத்து வச்சேன்.”

“நெசமாவா சார்?”

“டெஸ்டர்ல எட்டும் எரிஞ்சா யார் சந்தேகப்படுவா? சரி, அந்த நாலையும் எடுத்துடச் சொல்றேன். அவங்க பத்து மணிக்கு வழக்கம்போல வேலையில உட்காரட்டும்.” குரல் கொஞ்சம் தயங்கியது. “இந்த மாதிரி இன்னும் எத்தனை வீடு இருக்குங்க?”

“தெரியல சார். எண்ணினதில்ல.”

பத்து மணிக்கு மூன்றாம் மாடி ஜன்னல் வழியாக அக்காவின் குரல் தெருவுக்குக் கேட்டது. வணக்கம் சொல்லி, என்ன உடம்புக்கு என்று கேட்டு, நேரம் குறித்துக் கொடுத்து, அடுத்த ஆளுக்கு வணக்கம். பச்சை லைட்டு எதிர்ப்பக்கம் நின்று பதினோரு மணிவரை கேட்டார். நடுவில் மோட்டாரும் ஓடி நின்றது. யாரும் ‘ஹலோ ஹலோ’ என்று கத்தவில்லை.

பிறகு ஒரு பை நிறையப் பிளாஸ்டிக் தலைகளை அள்ளிக்கொண்டு கட்டடத்துக்குள் போனார். நாலாம் மாடியில் ஒரு கணக்கு டீச்சர் கம்ப்யூட்டரில் டியூஷன் எடுக்கிறார். அந்த வீட்டு மணியை அடித்தார். டீச்சர் கதவைப் பாதி திறந்தார்.

“என்ன, நான் கூப்பிடலையே?”

“இல்லைங்க, நானா வந்தேன். உங்க வயர் சரியில்ல, மாத்தணும்.”

“நல்லாத்தானே ஓடுது? அப்பப்ப கொஞ்சம் நிக்கும், என் நேரம் சரியில்லைன்னு நீங்கதானே சொன்னீங்க.”

“உங்க நேரமெல்லாம் நல்லாத்தான் இருக்குங்க. கோத்தது தப்பு.”

“யாரு கோத்தது?”

“நான்தான்.”

டீச்சர் அவரை மேலும் கீழும் பார்த்தார். தானே படியேறி வந்து தப்பு என்று சொல்கிற மாணவனை அவர் இதுவரை பார்த்ததில்லைபோல. கதவு முழுசாகத் திறந்தது.

“செருப்பைக் கழட்டிட்டு வாங்க” என்றார். “பன்னெண்டு மணிக்கு எனக்கு கிளாஸ் இருக்கு.”